பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது மட்டும்தானா?

குறுக்கு பிடித்துக்கொண்டது என்று டாக்டரிடம் போகிறோம். மாத்திரை எழுதுகிறார். "பத்து நாள் பிசியோ எடுங்க" என்றும் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் நாம் அதை "பத்து நாள் கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்கிறோம். பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஒரு சென்டருக்குப் போகிறோம். குப்புறப் படுக்க வைத்து முதுகில் பட்டைகளை ஒட்டி, சுறுசுறுவென்று கரண்ட் வைக்கிறார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பத்தாம் நாள் கொஞ்சம் தேவலை. அடுத்த வாரம் பழையபடி வலி. "பிசியோவும் பார்த்தாச்சு, ஒண்ணும் கேட்கல" என்று முடிவுகட்டி விடுகிறோம்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. அந்தப் பத்து நாளில் கிடைத்தது இந்த வைத்தியத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பகுதி. நடுவில் இருப்பது பலருக்குக் கிடைக்கவே இல்லை. முதுகு வலியாகட்டும், கபடியில் மடங்கிய காலாகட்டும், பீடி சுற்றிச் சுற்றி இறுகிப்போன பிடரியாகட்டும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஒரு தத்துவம்தான். அது புரிந்துவிட்டால், எந்த சிகிச்சை நமக்கு உதவும், எது பணத்தைத்தான் கரைக்கும் என்று நாமே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

## மம்பட்டி பிடித்த கை

களக்காடு பக்கம் வாழைத்தோட்டத்தில் வேலை பார்ப்பவரின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விரல் அடியில் எல்லாம் கெட்டியாகக் காய்த்திருக்கும். இத்தனை வருடமாக மம்பட்டிக் கணை உரசியும் அந்தக் கை தேய்ந்து போகவில்லை. தடித்து, வலுத்திருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் அவர் மகன் லீவுக்கு ஊருக்கு வந்து, ஒரே நாள் முழுக்க மம்பட்டி பிடித்தால் சாயங்காலம் கை நிறையக் கொப்புளம். அதே மகன் முதல் நாள் கால் மணி நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போனால், சில வாரத்தில் அவன் கையும் காய்த்துவிடும். திரும்பிப் போய் ஆறு மாதம் தொடாமல் இருந்தால் மறுபடி மென்மையாகிவிடும்.

மம்பட்டி ஒன்றுதான், தோலும் ஒரே தோல்தான். தாங்குகிற அளவுக்கு மேல் ஒரேயடியாகச் சுமை விழுந்தால் புண்ணாகிறது. அளவாக, இடைவெளி விட்டு, கூட்டிக்கொண்டே போனால் வலுக்கிறது. சுமையே இல்லாவிட்டால் பலம் இழக்கிறது.

தோலுக்கு உள்ள இந்தக் குணம் உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் உண்டு. தசைக்கு உண்டு. தசையை எலும்போடு சேர்க்கும் கெட்டியான நாருக்கு உண்டு. இதற்குத் தசைநாண் என்று பெயர், குதிகாலுக்கு மேலே கையால் பிடித்துப் பார்க்க முடிகிறதே, அது ஒரு தசைநாண். எலும்பையும் எலும்பையும் கட்டிப்போடும் லிகமென்டுக்கு, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதற்கு உண்டு. எலும்புக்கும் உண்டு. இவற்றிலெல்லாம் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. இழுவையும் அழுத்தமும் விழும்போது அந்தச் செல்கள் அதை உணர்ந்து புது நார்களை, புது எலும்பைக் கட்டுகின்றன. கட்டுகிற வேகம்தான் ஒன்றுக்கொன்று வேறுபடும். தசை சில வாரங்களில் பலம் காட்டும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மாதக்கணக்கில் நேரம் எடுக்கும்.

பிசியோதெரபியின் நடுப்பகுதி இதுதான். வலிக்கிற இடம் இன்றைக்கு எவ்வளவு சுமை தாங்கும் என்று அளந்து, அந்த அளவில் தொடங்கி, கொப்புளம் வராமல் காய்க்க வைப்பது. இதைப் படிப்படியான சுமையேற்றம் என்று சொல்லலாம். உடற்பயிற்சி என்று பொதுவாகச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அளவில்தான் இருக்கிறது. அளவு சொல்லத்தான் படித்த ஆள் தேவை.

## வலித்தால் உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது என்று அர்த்தமா?

அப்படித்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். புதுக் காயத்தில் அது பெரும்பாலும் சரி. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் பல நேரம் சரியில்லை.

உடம்பின் பாகங்களில் ஆபத்தை அறிவிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அதிக அழுத்தம், சூடு, வீக்கம் வந்தால் அவை முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியை மற்ற விஷயங்களோடு சேர்த்துப் பார்த்து, "இது வலி" என்று தீர்மானிப்பது மூளை. காலை இழந்தவர்கள் பலருக்கு இல்லாத அந்தக் கால் வலிப்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அங்கே காலே இல்லை, ஆனால் வலி நிஜம்.

வலி ரொம்ப நாள் நீடித்தால் இந்த அறிவிப்பு அமைப்பின் கூருணர்ச்சி கூடிவிடும். முன்பு செய்தியே அனுப்பாத சின்ன அசைவுக்கும் பெரிய செய்தி போகும். தூக்கம் கெட்டால், கவலை கூடினால், "குனிஞ்சா டிஸ்க் போயிரும்" என்று யாராவது பயமுறுத்தினால் அது இன்னும் கூடும். இதைக் கேட்டதும் சிலர், "அப்போ என் வலி பொய்யா?" என்று கோபப்படுவார்கள். பொய்யே இல்லை. எல்லா வலியும் நிஜமான வலி. வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, இரண்டு விஷயம் கையில் இருக்கிறது. உடம்பு அளவான சுமையில் வலுக்கும். வலி எப்போதும் சேதத்தின் அளவைச் சொல்லாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு முதுகுக்கு வரலாம்.

## குறுக்கு வலியும் "விலகிய" டிஸ்க்கும்

முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. இந்த எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைதான் டிஸ்க். வெளியே நார்கள் பல அடுக்காகப் பின்னிய வளையம், உள்ளே நீர்ச்சத்து நிறைந்த குழகுழப்பான பொருள். அந்த வளையத்தின் நார்கள் மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் இறுகப் பிடித்திருக்கின்றன. அதனால் டிஸ்க் இடம் விட்டு விலகவோ நழுவவோ முடியாது. யாரும் அதைப் பிடித்து உள்ளே தள்ளி உட்கார வைக்கவும் முடியாது. "விலகினதை ஒரே இழுவையில் உட்கார வச்சுட்டேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நடப்பது வேறு. வளையத்தில் ஒரு இடம் பலவீனப்பட்டு, டிஸ்க் அந்தப் பக்கம் பிதுங்குகிறது. சில நேரம் உள்ளே இருக்கும் பொருள் வெளியேயும் வந்துவிடுகிறது. பக்கத்தில் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது. பிதுக்கம் அதைத் தொட்டு அழற்சி உண்டாக்கினால், பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரைக்கும் சுண்டி இழுக்கும். இதுதான் சயாட்டிகா.

இங்கே பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. வெளியே வந்த அந்தப் பொருளை உடம்பின் எதிர்ப்புச் செல்கள் வேண்டாத பொருளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகின்றன. சில மாதங்களில் பலருக்கு அது தானாகவே சுருங்குகிறது. சின்னப் பிதுக்கத்தைவிட, முழுதாக வெளியே வந்த பெரிய துண்டுகள்தான் அதிகமாகச் சுருங்குகின்றன. அதனால் சயாட்டிகா வந்த பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை.

ஸ்கேன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள சொற்களைப் படித்துப் படித்துப் பயந்து போகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றம் அது. ரிப்போர்ட்டில் "பிதுக்கம்" என்று இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நமது தொந்தரவும் பரிசோதனையும் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஓய்வு. "மூணு மாசம் பெட் ரெஸ்ட்" என்ற காலம் போய்விட்டது. படுத்தே கிடந்தால் தசை சீக்கிரமே பலம் இழக்கும். டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. சுற்றியிருக்கும் இடத்திலிருந்து சத்து ஊறித்தான் வர வேண்டும், அசைவு அதற்கு உதவுகிறது. கடும் வலியில் ஓரிரு நாள் ஒதுங்கி இருப்பது சரி. அப்புறம் முடிந்த அளவு நடமாட்டம் நல்லது.

பெல்ட்டும் அப்படித்தான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உலகத்தில் 2020இல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இந்த வலி இருந்தது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அந்த வழிகாட்டி பரிந்துரைப்பவற்றில் முக்கியமானவை முறையான உடற்பயிற்சியும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரிய வைப்பதும். வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்பவற்றில் இடுப்பு பெல்ட்டும் இருக்கிறது, எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் இருக்கிறது. நம் ஊரில் முதலில் கைக்கு வருவது எது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நல்ல பிசியோதெரபிஸ்ட் முதுகு வலிக்கு என்ன செய்வார்? முதல் நாள் நிறையக் கேட்பார். எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் குறைகிறது, என்ன வேலை பார்க்கிறீர்கள், ராத்திரி தூக்கம் எப்படி என்றெல்லாம். மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டி மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார். கால் கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி பலம் பார்ப்பார். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டி நரம்பின் எதிர்வினையைச் சோதிப்பார். பிறகு உங்களுக்கு ஒத்துவரும் அசைவைத் தேடுவார். சிலருக்குக் குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி நெஞ்சைத் தூக்கினால், கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையில் இருந்தது இடுப்புக்கும் ஏறி வரும். இடுப்பில் கொஞ்சம் கூடுவது மாதிரி தெரிந்தாலும் காலை விட்டு வலி விலகுவது நல்ல அறிகுறி. சிலருக்கு நேர்மாறாக முன்னால் குனிந்தால் இதமாக இருக்கும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பயிற்சித் தாளை நகல் எடுத்துச் செய்யக் கூடாது.

அதன் பின் பலம் ஏற்றுதல். மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, தவழும் நிலையில் எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நடை என்று தொடங்கும். தொடங்குவது அங்கே, முடிய வேண்டியது வேறு இடத்தில். நாற்று நடும் பெண் மணிக்கணக்கில் குனிய வேண்டும். வாழைத்தார் சுமக்கும் அண்ணாச்சி லாரியில் பாரம் ஏற்ற வேண்டும். அவருக்குக் கடைசியில் எடையைத் தூக்கிப் பழக்காமல், "இனிமே கனம் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினால் வைத்தியம் பாதியில் நின்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன். அவர் நாளைக்கே தூக்கத்தான் போகிறார், பழகாத முதுகோடு.

முதுகு வலியில் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. மலம், மூத்திரம் போகும் இடத்தைச் சுற்றியும் தொடையின் உள்பக்கத்திலும் மரத்துப் போவது, மூத்திரம் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, கால் வேகமாகப் பலம் இழப்பது. இவை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம். பிசியோ சென்டருக்குப் போகாமல் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பின் வரும் வலி, இவற்றையும் முதலில் டாக்டர்தான் பார்க்க வேண்டும். எலும்பு மெலிந்த ஆச்சிகளுக்கு லேசாக வழுக்கி உட்கார்ந்தால்கூட முதுகெலும்பு நொறுங்கலாம்.

முதுகைப் பற்றிச் சுருக்கமாக: டிஸ்க் நழுவுவதில்லை, பிதுங்கலாம், பிதுங்கியது பெரும்பாலும் ஆறும். நடமாட்டம் மருந்து. ஸ்கேன் ரிப்போர்ட் தீர்ப்பு இல்லை. மேலே சொன்ன ஆபத்து அடையாளங்களை மட்டும் மறக்கக் கூடாது.

## மைதானத்தில் அடிபட்டால்

பாளையங்கோட்டை மைதானங்களில் விடியற்காலை போய்ப் பாருங்கள், போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வு முடியும் வரை உட்கார்ந்து படித்துவிட்டு, உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி வந்ததும் தினமும் வெறி பிடித்த மாதிரி ஓடுவார்கள். மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்பு ஓரம் வலி. இது நாம் முன்னால் பார்த்த கொப்புளம்தான், எலும்பின் மேல் வந்திருக்கிறது. வலி நீளமாகப் பரவி, ஓடத் தொடங்கும்போது இருந்து சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் ஓட்டத்தின் அளவைக் குறைத்து, கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தினால் சரியாகும். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ளுகிற வலி, ராத்திரியும் வலிப்பது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமலும் போகலாம்.

கரண்டைக்கால், அதாவது கணுக்கால், பிசகுவது எல்லா விளையாட்டிலும் உண்டு. கால் உள்பக்கம் மடங்கி, வெளிப்பக்க ஜவ்வு இழுபடுகிறது அல்லது கிழிகிறது. எலும்பு முறிந்திருக்குமோ என்று சந்தேகப்பட ஒரு எளிய விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கரண்டையின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறதா, நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

முறிவு இல்லை என்றால்? ஐஸ், கட்டு, ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது என்ற முறையை 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் பிரபலமாக்கினார். பல வருடம் கழித்து அவரே, முழு ஓய்வும் தொடர்ந்து ஐஸ் வைப்பதும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வீக்கம் என்பது உடம்பு தன் மராமத்து வேலையைத் தொடங்கியதன் அடையாளம். வலி தாங்க முடியாவிட்டால் முதல் ஓரிரு நாள் ஐஸ் வைக்கலாம், தப்பில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் எடை விழ வேண்டும்.

இதில் பலர் விட்டுவிடுகிற ஒரு கட்டம் இருக்கிறது. கண்ணை மூடினாலும் நம் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? அந்த நிலையுணர்வுக்கான நரம்பு முனைகள் ஜவ்விலும் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அதுவும் கெடுகிறது. வலி போனதும் நேராகக் களத்துக்குப் போன பையனுக்கு அதே கால் மறுபடி மறுபடி மடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு தலையணை மேல் நிற்பது, பிறகு குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது என்று அதைத் திரும்பப் பழக்க வேண்டும். பைசா செலவில்லாத பயிற்சி.

முட்டிக்குள் குறுக்காக ஓடும் முன் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறாம் மாதம் முட்டி நன்றாக இருப்பதாகத் தோன்றும். திரும்பவும் களத்தில் இறங்க 9 மாதமாவது பொறுக்கச் சொல்வது காரணமில்லாமல் இல்லை. உள்ளே வைத்த புது ஜவ்வு முழுப் பலம் பெறவும், தொடைத் தசை மற்றக் காலுக்குச் சமமாக வரவும் அவ்வளவு காலம் ஆகிறது.

தசைநாண் வலிக்கு ஒரு ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998இல் ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் என்ற டாக்டரின் குழு, குதிகால் தசைநாணில் நீண்ட நாள் வலியோடு ஓட முடியாமல் இருந்த 15 பேருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். வலித்தாலும் தொடரச் சொன்னார்கள். சுலபமானதும் பையில் எடை போட்டு முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். 12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் இவ்வளவு நன்றாக வரும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனாலும், ஓய்வில் ஆறாத தசைநாண் சுமையில் ஆறும் என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்த வேலைதான்.

## உட்கார்ந்த வேலையின் வலி

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகை வைத்துத் தலை குனிந்து பீடி சுற்றும் அக்காமார், பத்தமடையில் பாய் நெய்பவர்கள், இன்றைக்கு லேப்டாப் முன்னால் இருப்பவர்கள், எல்லோருக்கும் பிடரியும் தோள்பட்டையும் இறுகும். இதில் "சரியான உட்காரும் முறை" என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த நிலையாக இருந்தாலும் ரொம்ப நேரம் மாறாமல் இருந்தால் தசை களைக்கும். ஒரு கட்டு சுற்றி முடித்ததும் எழுந்து தோளைச் சுழற்றி, நாலு எட்டு நடந்துவிட்டு உட்கார்வது, தோள் பின்பக்கத் தசைகளுக்குப் பலப் பயிற்சி, இரண்டும் சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கும்.

நாற்பது வயதுக்கு மேல் தோள் இறுகிப்போய், பின்னால் கையைக் கொண்டுபோய் ஜடை பின்ன முடியாமல், ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாமல் இருந்தால் அது வேறு நோய். தோள் மூட்டின் உறை சுருங்கிவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். தோள் வலிக்காக வந்து சோதித்ததில் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிய வருபவர்களும் உண்டு.

## அப்படியானால் கரண்ட் எதற்கு?

தோலில் பட்டை ஒட்டி வைக்கும் கரண்ட், தோல் நரம்புகளுக்கு வேறொரு உணர்ச்சியைக் கொடுத்து வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் மங்க வைக்கிறது. ஒத்தடம் தசையைத் தளர்த்தி இதம் தருகிறது. அல்ட்ராசவுண்ட் கருவி திசுக்களுக்குள் ஒலி அதிர்வைச் செலுத்துகிறது. நாள்பட்ட முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்டையும் நரம்பைத் தூண்டும் கரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றுதான் மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டி சொல்கிறது.

கருவியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வலி குறைந்த அந்த அரை மணி நேரத்தில் பயிற்சி செய்யச் சுலபமாக இருந்தால் கருவி தன் வேலையைச் செய்துவிட்டது. பக்கவாதத்திலோ நரம்பு அடிபட்டோ தசை அசையாமல் கிடக்கும்போது தசையைத் தூண்டும் கரண்ட் முக்கியமான கருவி. கரண்ட் வைத்துவிட்டு, பயிற்சியே சொல்லித்தராமல் அனுப்பினால்தான் குறை.

## தைலம், நீவுதல், குற்றாலத்து எண்ணெய்

குற்றாலத்தில் நல்லெண்ணெய் தேய்த்து அமுக்கிவிட்டுக் கொண்டு, அருவியில் முதுகைக் காட்டி நின்றால் உடம்பு லேசாகிறது என்பது அனுபவித்த எல்லோருக்கும் தெரியும். அழுத்தமும் நீரின் அடியும் நரம்புகளைச் சாந்தப்படுத்துகின்றன, மனசும் இளகுகிறது. அந்த இதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் தசைக்கு அது பலம் தராது. இதம் கிடைத்த பின் நடையும் பயிற்சியும் சேர்ந்தால் நிலைக்கும்.

நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. வீங்கிய கரண்டைக்காலை அன்றைக்கே பிடித்து இழுத்து நீவுவது ஒன்று. உள்ளே முறிவு இருந்தால் அது விலகிவிடும். இன்னொன்று, முறிந்த இடத்தில் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவது. வீக்கம் ஏறும்போது கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்று, விரல்களோ கையோ அழுகிப் போன பிள்ளைகள் உண்டு. எந்தக் கட்டாக இருந்தாலும், விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி வந்தாலோ உடனே கட்டைப் பிரித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலை வரை பொறுக்கக் கூடாது.

## எங்கே போவது, என்ன கேட்பது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. படுக்கையில் இருக்கும் ஆச்சி, தாத்தாக்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமில்லை, வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் சேர்ந்தது. பலருக்கு அந்த மாத்திரை விஷயம் மட்டும்தான் தெரியும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எங்கே போனாலும் மூன்று கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம். எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம்? பதில் சொல்ல நேரம் ஒதுக்குகிறவரிடம் தொடர்ந்து போங்கள். வாரத்தில் சில மணி நேரம்தான் அவர் கையில் இருக்கிறோம், மற்ற நேரமெல்லாம் நம் கையில்தான். வீட்டுப் பயிற்சி செய்யாமல் சென்டருக்கு மட்டும் போய்வந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி: பயிற்சி செய்யும்போது வலித்தால் நிறுத்திவிடலாமா? நீண்ட நாள் வலிக்குப் பயன்படும் ஒரு அளவுகோல் இருக்கிறது. வலியே இல்லை என்பதைப் பூஜ்யமாகவும், தாங்கவே முடியாது என்பதைப் பத்தாகவும் வைத்துக்கொள்ளுங்கள். செய்யும்போது மூன்று, நாலு வரை போவது பெரும்பாலும் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரியோ மறுநாள் காலையோ பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி, சில நாள் அதையே செய்துவிட்டுக் கொஞ்சம் கூட்டலாம். மறுநாளும் வலி ஏறியே இருந்தால் பயிற்சியை விட்டுவிட வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அடுத்த முறை போகும்போது பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். மரத்துப் போவதோ, கால் பலம் குறைவதோ புதிதாகத் தெரிந்தால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.